சாப்பிட்டுவிட்டு வந்தால் ஏஎஸ்/400 செஷன் அறுந்து, 8902 என்ற பிழை எண் வருவது ஏன்?

கஞ்சிக்கோடு குடோனில் மட்டும் மதியத்துக்கு மேல் 5250 திரை (ஐபிஎம்மின் ஏஎஸ்/400 சர்வரில் வேலை செய்யும் டெர்மினல் திரை) செத்துக் கிடக்கிறது, மறுபடி இணைத்தால் 8902 வருகிறது, கோவை ஆபீசில் தொல்லையே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் சர்வரைத் திட்ட வேண்டாம். சும்மா இருக்கும் செஷனை சர்வரே வெட்டியிருந்தால் கோவையிலும் வெட்டியிருக்கும். என் சந்தேகமெல்லாம் வழியிலுள்ள ஃபயர்வால் மேல்தான்.

சும்மா இருக்கும் இணைப்பை அது சத்தமில்லாமல் வெட்டிவிடும், சர்வருக்குத் தெரியாது. பழைய ஜாப், அதாவது உங்கள் செஷனுக்காக சர்வரில் ஓடும் வேலை, உங்கள் திரைக்கு சர்வரில் உள்ள டிவைஸ் பெயரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் அதே பெயரைக் கேட்டால், 'டிவைஸ் கிடைக்காது' என்கிறது. அதுதான் 8902. டிவைஸ் ஸ்டேட்டஸ் திரையில் அந்தப் பெயருக்குக் கீழே பழைய ஜாப் தெரியும். அதை முடித்தால் இப்போதைக்குச் சரி.

நிரந்தரத் தீர்வு, திரையை சர்வரோடு இணைக்கும் டெல்நெட் சேவையின் அமைப்பில் இருக்கிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் தட்டிப் பார்க்கும் இடைவெளி, மாற்றாமல் விட்டால் 600 விநாடி. ஃபயர்வால் 5 நிமிடத்தில் வெட்டினால் அது காலம் கடந்த வைத்தியம். 240 ஆக்குங்கள். டெல்நெட் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும், எனவே இரவில் செய்யுங்கள்.

ஆமாம், இரண்டு பிசிக்கு ஒரே டிவைஸ் பெயர் கொடுத்திருந்தாலும் 8902 வரும். அதை முதலில் பாருங்கள்.