ஆனோ வூவேஸ்: மரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

கிரேக்கத்தின் கிரீட் தீவிலுள்ள ஹனியா நகரில் அரை நாள்தான் இருக்கிறது, ஒரு பழைய ஆலிவ் மரத்துக்காக ஆனோ வூவேஸ் கிராமம் வரை போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள், மேற்கே சுமார் 30 கிலோமீட்டர்தான். அடிமரத்தின் சுற்றளவு 12 மீட்டருக்கு மேல். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி நிற்கும். நடுத்தண்டு உளுத்துப் பொந்தாகிவிட்டதால் வளையம் எண்ணி வயது சொல்ல வழியில்லை. 2000 ஆண்டுகளுக்குக் குறையாது என்கிறார்கள். இன்னும் காய்க்கிறது! 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் வெற்றி மகுடங்களுக்கு இதிலிருந்தும் கிளை வெட்டினார்கள். பக்கத்து ஆலிவ் அருங்காட்சியகம் சின்னது, சட்டென்று பார்த்துவிடலாம்.

இன்னொன்று, கொலிம்பாரி ஊரில் கடலோரக் கோனியா கிறிஸ்தவ மடாலயம், 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். துருக்கியர் சுட்ட பீரங்கிக் குண்டு சுவரில் அப்படியே பதிந்திருக்கிறது. மதியம் கதவை மூடிவிடக்கூடும், அதனால் மரத்துக்கு முன்பே மடாலயத்துக்குப் போங்கள். அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம்.