பழைய அம்பாசடரில் இரண்டு வேக வைப்பர்: அணைத்தால் ஏன் நடுக்கண்ணாடியில் நிற்கிறது?

பழைய காருக்கு இரண்டு வேக வைப்பர் மோட்டார் மாட்டினேன், இரண்டு வேகமும் ஓடுகிறது, ஆனால் சுவிட்சை அணைத்ததும் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரை மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் பார்க் ஒயரை, அதாவது அணைத்தபின் வைப்பரை ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் ஒயரை, இணைக்காததுதான் காரணம்.

எங்கள் ஐயாவின் அம்பாசடரில் இதையேதான் பட்டோம். காரைக்குடியில் ஒரு பட்டறையில் லூகாஸ் 14டபிள்யூ வகை மோட்டாரைப் பொருத்தியபோது, "இந்த ஒயர் தேவைப்படாது" என்று ஒன்றை டேப் சுற்றி விட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் தேவகோட்டையிலிருந்து திரும்பும்போது, தூறல் விட்டதே என்று அணைத்தால் வைப்பர் ஐயாவின் பார்வைக்கு நேரே நின்றுகொள்ளும். அப்புறம் நானே கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன்.

அந்த மோட்டாரில் ஐந்து ஒயர். கறுப்பு எர்த், அதாவது கார் பாடியோடு சேர்வது. பச்சை, இக்னிஷனிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் கரண்ட். சிவப்பில் இளம்பச்சைக் கோடு போட்டது மெதுவேகம், நீலத்தில் கோடு போட்டது அதிவேகம். பழுப்பில் கோடு போட்டதுதான் பார்க்.

அணைப்பது என்றால் கரண்டை வெட்டுவது மட்டும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் தவறு. ஆஃப் நிலையில் சுவிட்ச் பழுப்பையும் சிவப்பையும் ஒன்றாக இணைக்க வேண்டும். வைப்பர் நடுவழியில் இருக்கும்வரை மோட்டாருக்குள் இருக்கும் பார்க் சுவிட்ச் பச்சையின் கரண்டைப் பழுப்புக்குக் கொடுக்கும், அது சிவப்பு வழியாகப் போய் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஓரத்துக்கு வந்ததும் அதே பழுப்பு எர்த்துக்கு மாறிவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்த நொடியில் டைனமோ மாதிரி ஆகி, தன் கரண்டே தனக்கு பிரேக்காகி, சட்டென்று நிற்கும். எர்த் கிடைக்காவிட்டால் ஓரத்தைத் தாண்டிப் போய் மறுபடி ஒரு சுற்று ஓடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

மெதுவேகத்துக்கு சிவப்புக்கு மட்டும் கரண்ட், அதிவேகத்துக்கு நீலத்துக்கு மட்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டுகளான பிரஷ்களில், அதிவேகத்துக்கான மூன்றாவது பிரஷ் சற்றுத் தள்ளி இருப்பதால் இரண்டு பிரஷ்ஷுக்கும் இடையே கரண்ட் சுற்றி மோட்டார் சூடேறும். ஆகவே சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் போதாது, இதற்கென்று உள்ள மூன்று நிலை சுவிட்ச்தான் வேண்டும்.

உங்கள் மோட்டாரின் நிறங்கள் வேறாக இருந்தால் ஊகிக்காதீர்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஒயரின் இடையே வரிசையில் (சீரீஸில்) வைத்துத்தான் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். பார்க் ஒயர் ஓரநிலையில் எர்த்தோடு இருக்கும், பல்பு இல்லாமல் நேராகக் கொடுத்தால் ஷார்ட்.

இன்னொன்று, உங்கள் கார் பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவும் அப்படித்தான். இந்த மோட்டாரில் நிலைக்காந்தம் இருப்பதால் துருவம் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும்.