அமெரிக்காவில் அரசு வழக்கறிஞர் தேர்தலிலிருந்து கட்சிப் பெயரை நீக்கினால் சார்பு போய்விடுமா?

முழுசாகப் போகாது. கலிபோர்னியாவில் மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆனாலும் யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். நேதன் ஹாக்மன் 2022இல் குடியரசுக் கட்சி சார்பில் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்று தோற்றவர். 2024இல் சுயேச்சை என்று சொல்லி லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில் ஜெயித்தார்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது பிலடெல்பியா முறைதான். அங்கே அரசு வழக்கறிஞர் தேர்தல் கட்சிப் பெயரோடுதான் நடக்கும்; அந்த நகரமோ ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2017 மே மாதம் அந்தக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த உட்கட்சித் தேர்தலில் ஏழு பேர் மோதி லாரி கிராஸ்னர் வென்றபோதே நவம்பர் முடிவும் ஏறக்குறைய உறுதி. அந்தக் கட்சியில் பதிவு செய்யாதவர்களுக்கு மே மாதத்தில் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டே கிடையாது. ஆனால் யார் மேல் வழக்குப் போடுவது, எதைக் கைவிடுவது என்று அவர் எடுக்கும் முடிவு அவர்களையும்தானே பாதிக்கிறது!