பழைய பிக்கப்பில் எரிபொருள் பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப்தான் கெட்டதா?

சாவியைத் திருப்பியதும் டாங்க்குக்குள் ஓரிரு நொடி ரீங்காரம் கேட்க வேண்டும். 1990களின் ஃபோர்டு எஃப்-150இல் அது கேட்காவிட்டால், பயணியின் கால்மாட்டில் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள இனெர்ஷியா சுவிட்சை முதலில் பாருங்கள். மோதலின்போது பம்பை நிறுத்துவதற்கான பொத்தான் அது. பலத்த குலுக்கலிலும் எழும்பிவிடும். பெட்ரோல் கசியவில்லை என்று பார்த்துவிட்டு அமுக்குங்கள்.

அடுத்து ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்ச்). அவை சரியென்றால் சந்தேகம் மின்னழுத்த இழப்பின் மேல். அதாவது, அரித்துப்போன இணைப்பொன்று பம்புக்குச் சேர வேண்டிய வோல்ட்டை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. என் கணிப்பில் பெரும்பாலும் சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், திருகிய எர்த் வயர்தான். முனையில் துருவோ பச்சையோ பூத்திருக்கும். இது மடங்கிய தோட்டக் குழாய் மாதிரி: வாயை மூடினால் அழுத்தம் முழுதாகத் தெரியும், திறந்தால் சொட்டும். பம்பைக் கழற்றுவது வாயை மூடுவது போல. ஆகவே, பம்பைக் கழற்றிவிட்டு அளந்தபோது மீட்டர் 12 வோல்ட் காட்டியது என்பதற்காக வயர் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பம்ப் இணைந்திருக்கும்போது அளக்க வேண்டும்.