சுங்கை சிப்பூட் அண்ணனுக்கு: 642-ஆ, எல்சிஆரா?

அண்ணே, நகைக்கடைப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது, சட்டைக்குள் தெரியாமல் வைக்க ஸ்மித் அண்ட் வெஸன் 642 நல்லதா, ரூகர் எல்சிஆர் நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் .38 ஸ்பெஷல் என்ற ரகக் குண்டு போடும் சிறிய ரிவால்வர்கள், ஐந்து குண்டு, ஏறக்குறைய 400 கிராம். எடையை வைத்து முடிவு செய்ய ஒன்றுமில்லை.

வித்தியாசம் சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையில்தான். 642-இல் அதை இழுக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். எல்சிஆரில் உராய்வைக் குறைக்கும் அமைப்பு உண்டு, சீராக வரும். விரல் வலியென்று வேறு எழுதியிருக்கிறீர்கள், ஆகவே என் ஓட்டு அதற்கே. இரண்டிலும் சுத்தியல் (குண்டை வெடிக்க வைக்கும் பின்பக்கத் துண்டு) வெளியே நீட்டாது, சட்டையில் மாட்டாது. ஆனால் இவ்வளவு இலேசான துப்பாக்கி கையை நன்றாக உதைக்கும். சுடுதளத்தில் இரண்டையும் சுட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஆறு குண்டு வேண்டுமென்றால் கோல்ட் கோப்ரா என்ற ரிவால்வர் இருக்கிறது, சுமார் 700 கிராம். நம் வெயிலுக்குப் போடும் மெல்லிய சட்டையில் அது தொங்கும்.

அப்புறம் வியர்வை. உடம்போடு இருக்கும் துப்பாக்கியில் அது படும், ஆகவே தினமும் இரவில் எண்ணெய்த் துணியால் அதைத் துடையுங்கள்.

மச்சானிடம் கொடுத்து வைக்கலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். லைசென்ஸ் உங்கள் பெயரில், அவர் பெயரில் இல்லை. மலேசியாவின் 1971 துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டப்படி, துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, கூடவே குறைந்தது ஆறு பிரம்படி.