கேளுங்கள், சொல்கிறேன்: பெப்ரவரியில் ஒரு மாதம் இருந்து பாருங்கள்

கேள்வி: ஜூலையில் ஒன்ராறியோவின் டோர்செற் பக்கம் ஒரு கிழமைக்கு கொட்டேஜ் (ஏரிக்கரை விடுமுறை வீடு) எடுத்து நின்றோம். திரும்பி வந்ததிலிருந்து இவர், வீட்டை விற்றுவிட்டு ஏரிக்கரைக்கே போய்விடுவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள். போகலாமா?
- ஒரு வாசகி, ஸ்காபரோ, ரொறன்ரோ

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் எனக்கும் இதே பைத்தியம்தான் பிடித்தது. நானும் ஜூலையில் பார்த்துத்தான் வாங்கினேன்.

டோர்செற்றில் பாதிதான் எங்கள் லேக் ஒஃப் பேஸ் டவுன்ஷிப்பை (உள்ளூராட்சிப் பிரிவை) சேர்ந்தது. மறுபாதி பக்கத்து அல்கொன்குவின் ஹைலண்ட்ஸ் டவுன்ஷிப்பைச் சேர்ந்தது. எங்கள் டவுன்ஷிப்பின் நிலப்பரப்பு ஏறக்குறைய 670 சதுர கிலோமீட்டர். கொழும்பு மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலே 699தான். அங்கே இருபது இலட்சத்துக்கு மேல் சனம். இங்கே 2021 குடிசன மதிப்பீட்டின்படி 4,000 பேர்கூட இல்லை. நீங்கள் பார்த்த படகுகளும் ஐஸ்கிரீம் வரிசையும் கோடைக்கு வந்துபோகிற சனம். ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் வந்ததும் கொட்டேஜ்காரர் குழாய்த் தண்ணீரை வடித்து, சிங்குக்குக் கீழே வளைந்த குழாய்களில் ரோஸ் நிற அன்ரிஃபிறீசை ஊற்றி, பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் மே மாதம் விக்டோரியா தினம் வரை எங்கள் ஒழுங்கையில் இரவில் லைட் எரிகிற வீடு மூன்றே மூன்று.

தண்ணீர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு நகரத்துக் குழாய் கிடையாது. ஏரியிலிருந்து பம்ப் இழுத்துத் தர வேண்டும். முதல் வருடம் பெப்ரவரியில் ஒரு விடியல், வெளியே மைனஸ் 31. கேத்தலுக்குத் தண்ணீர் பிடிக்கப் பைப்பைத் திறந்தேன். ஒரு இருமல் இருமியது, பிறகு வெறும் காற்று. இரவில் கரண்ட் போய், குழாயைச் சூடாக வைத்திருக்கும் கம்பியும் அணைந்திருக்கிறது. விடியக் கரண்ட் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை. மூன்று வீட்டுக்காரரில் ஒருவர், எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், ஸ்நோமொபீலில் வந்தார். என் மனைவியின் தலைமயிர் காயவைக்கிற மெஷினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனார். இரண்டு மணித்தியாலம் அவருடைய சப்பாத்து மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிறகு இடியப்பமும் சொதியும் கொடுத்தோம். சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். அவர் தீயணைப்புத் தொண்டர் என்பது அப்புறம்தான் தெரியவந்தது. இந்தப் பக்கத்தில் தீயணைக்க வருகிறவர்கள் அநேகமாக இப்படித்தான், அழைப்பு வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிற அயலவர்கள்.

பக்கத்து நகரமான ஹன்ட்ஸ்வில்லில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, ரோட்டு நன்றாக இருந்தால், முக்கால் மணித்தியாலம். கறிவேப்பிலைக்கு உங்கள் ஸ்காபரோவுக்குத்தான் வர வேண்டும். (மூன்று மாதத்துக்குத் தேவையானதை வாங்கி உறையவைத்திருக்கிறோம். மணம் கொஞ்சம் குறைவுதான்.)

ஆகவே வாங்க முன்னம் பெப்ரவரியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வீடு பார்க்கிறபோது ஏரியைப் பார்க்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். ரோட்டில் பனி தள்ளுவது டவுன்ஷிப்பா, நீங்களா? தனியார் ரோட்டு என்றால் அந்தச் செலவு உங்களுக்கும் அயலவர்களுக்கும்தான். மற்றது, மலக்குழியைக் கடைசியாக எப்போது இறைத்தார்கள்? விற்கிறவர் மேலே கூரையைப் பார்த்து யோசித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: கொட்டேஜ் வாங்கி வரியும் கட்டுகிறோம். ஆனால் குடியிருப்பது மார்க்கம் நகரத்தில். அங்கே எங்களுக்கு வோட்டு உண்டா?
- ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: உண்டு, தம்பி. கனடியப் பிரஜையாக, 18 வயது நிரம்பியவராக இருந்தால், சொத்துக்காரருக்கும் அவருடைய துணைக்கும் அந்த டவுன்ஷிப் தேர்தலில் வோட்டு இருக்கிறது. மார்க்கத்தில் போடுவது வேறு, இது வேறு. பாடசாலைச் சபைக்கு மட்டும் இங்கே போட முடியாது. கோடைச் சனம் அமைதியான ஏரி கேட்கும். வருடம் முழுக்க இருக்கிற நாங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் வாடகைக்கு வீடும் கேட்போம். யாருடைய வோட்டு அதிகம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ரயில் என்றால் உயிர். அந்தப் பக்கம் ஏதும் இருக்கிறதா?
- ஒரு அம்மம்மா, பிரம்டன்

பதில்: இருக்கிறது, அக்கா. பக்கத்துப் பெனின்சுலா ஏரியைவிட எங்கள் லேக் ஒஃப் பேஸ் ஏரி ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு மேடு. நீராவிக் கப்பலில் வந்தவர்களை அந்த மேட்டுக்கு மேலால் மறுபக்கக் கப்பலுக்குக் கொண்டுபோக 1905இல் ஒரு குட்டி ரயில் விட்டார்கள். முழுப் பயணமும் இரண்டு கிலோமீட்டர்கூட வராது. 1959 வரை ஓடியது. 'போர்ட்டேஜ் ஃப்ளையர்' என்று பெயர், ஆனால் பறந்தது கிடையாது. இப்போது ஹன்ட்ஸ்வில்லில் முஸ்கோகா ஹெரிற்றேஜ் பிளேஸ் என்ற இடத்தில் ஓடுகிறது. ஜூலை, ஓகஸ்டில் கூட்டிக்கொண்டு போங்கள். மே கடைசியில் போனால் கறுப்பு இலையான் விடாது. பேரனுக்குக் காதுக்குப் பின்னால்தான் முதலில் கடிக்கும்.