சிவப்பழகு கிரீமை நிறுத்தினால் முகம் எரிவது ஏன்?

கேள்வி: தங்கைக்கு 23 வயது. வரன் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிவப்பழகு கிரீமை ஐந்து மாதமாகப் பூசுகிறாள். நிறுத்தினால் நாலே நாளில் முகம் சிவந்து எரிகிறது. கறுத்துவிடுவோமோ என்று பயந்து மறுபடி பூசுகிறாள். எப்படி நிறுத்துவது?

பதில்: முதலில் ட்யூபைப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது அழகுப்பொருள் அல்ல, ஸ்டீராய்டு மருந்து. பரவலாகப் புழங்கும் கலவையில் ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% இருக்கும். மங்குக்காக (முகத்தில் படரும் கருந்திட்டு), அதுவும் சில வாரங்களுக்கு மட்டுமே மருத்துவர் எழுதித் தருவது அது.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமியையும் குறைக்கும். அதனால் முகம் சீக்கிரமே வெளுக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்தியதும் குழாய்கள் விரிந்து முகம் எரியும், மறுபடி பூசினால் அடங்கும். உங்கள் தங்கை சிக்கிக்கொண்டது இங்கேதான். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்த காலந்தொட்டு, முகம் வெளுத்த பிறகுதான் வேலையும் மாப்பிள்ளையும் அமைவதாக விளம்பரங்கள் காட்டின. அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இந்த எரிச்சல் மருந்தின் கெடுதலாகத் தெரிவதில்லை, தன் நிறத்தின் குறையாகத் தெரிகிறது. கருநிறத்தவரை வாடியவர்களாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு விதி வகுத்ததே 2014-ல்தான். 2020-ல் அந்த கிரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போனது. பழைய பயம் அப்படியே இருக்கிறது.

இந்த வாரமே ட்யூபோடு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதா, ஒரேயடியாக நிறுத்தி டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத மருந்தால் எரிச்சலை அடக்குவதா என்பதை அவர் முடிவுசெய்வார். அதுவரை எலுமிச்சைச் சாறு, பிளீச், ஃபேஷியல், ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். காரமில்லாத கிளென்சர், மணமில்லாத மாய்ஸ்சரைசர் போதும். பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். பலர் கடுகளவு தடவிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள்.

நிறுத்திய பின் சில நாள் எரிச்சல் கூடும், முழுதும் அடங்க மாதங்கள்கூட ஆகலாம். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயத்தில் மறுபடி ட்யூபைத் தேடுவாள். மேல்கையின் உட்புறத்தைக் காட்டுங்கள்: வெயில் படாத அந்த நிறம்தான் அவளுடைய இயல்பான நிறம். வரனுக்கு அனுப்பும் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். முகத்தை வெளுக்க வேண்டாம் என்று ஸ்டூடியோக்காரரிடம் நீங்களே சொல்லுங்கள்.